முக்கால் அங்குலம் தள்ளி நின்ற அலை

1. மூன்று அலைகள்

வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் ஜெயா அந்தப் படத்தை என் மேஜையில் வைத்த அன்று நான் முதலில் செய்தது அலைகளை எண்ணியதுதான். மூன்று. கீழே மஞ்சள், நடுவில் வெளிர்நீலம், மேலே ஊதா. ஒவ்வொன்றிலும் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். அகலம் பதினோரு அங்குலம், உயரம் ஒரு அங்குலம், இரண்டு அலைகளுக்கு இடையே அரை அங்குலம். எழுத்து ஒன்றுகூட இல்லை. கருநீல டீ-சர்ட்டில் மார்புக்குக் குறுக்கே வரவேண்டிய பிரிண்ட் அது.

நான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நாற்பத்தோரு வருடம் தரம் பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் முதலாளி வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறார். செக்கிங் பகுதிக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் அடிக்கடி இந்த ஆர்டரைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லி வைத்திருப்பதால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஆர்டர் கொடுத்தவர் மார்த்தா என்ற அம்மாள். ஐரோப்பாவில் குளிர் மிகுந்த ஒரு நாட்டில் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அங்கே வானம் பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதன் ஆண்டுக் கூட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு டீ-சர்ட் வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் அவை யாருக்கும் உதவாது.

படத்தில் எனக்கு இரண்டு சந்தேகம். மஞ்சள் மேலே ஏறும் இடத்தில் நீலம் கீழே இறங்கியது. ஊதா, நீலத்தைப் போலவே இருந்தாலும், முக்கால் அங்குலம் வலப்பக்கம் தள்ளி ஆரம்பித்து, முக்கால் அங்குலம் தள்ளி முடிந்தது.

“ஜெயா, இது ஒண்ணு தலைகீழா இருக்குது, ஒண்ணு நகர்ந்து இருக்குது. கேட்டுரும்மா.”

ஜெயா தூத்துக்குடிப் பக்கம். “ஏன் சார் இப்பிடிப் பதறுதீய? ஆர்ட்வொர்க் அங்கேருந்தே இப்பிடித்தான வந்திருக்கு?”

“அங்கேருந்து வந்தாத் தப்பா வராதா? கேளு.”

முணுமுணுத்துக்கொண்டே வீடியோ கால் போட்டாள். மார்த்தா அம்மாளுக்கு யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கும் போல. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சள் என்பது சூரியனின் கொந்தளிப்பு. சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகளை எண்ணி வரைவது. சுமார் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். நீலம் என்பது பூமிப் பக்கம் வந்து சேரும் காஸ்மிக் கதிர்கள். அவை சூரியனிலிருந்து வருபவை அல்ல. எங்கோ தொலைவில் வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள். சூரியனோ எந்நேரமும் எல்லாப் பக்கமும் ஒரு காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதோடு காந்தப்புலமும் போகிறது. சூரியன் கொந்தளிக்கும் காலத்தில் அந்தக் காந்தப்புலம் வலுத்து, முறுக்கிச் சிக்கலாகி, வெளியிலிருந்து வரும் துகள்களில் பலவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் மஞ்சள் ஏறினால் நீலம் இறங்கும்.

ஊதாவும் அதே கதிர்கள்தான். ஆனால் கடைசிக் கிரகத்தையும் தாண்டி, சூரிய மண்டலத்தின் வெளி எல்லைப் பக்கம் அளந்தது. பல வருடங்களுக்கு முன் அனுப்பிய விண்கலங்கள் அங்கே வரை போய் எண்ணிச் சொல்லியிருக்கின்றன. சூரியக் காற்று அவ்வளவு தூரம் போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். சூரியன் இங்கே கொந்தளித்தாலும் அங்கே கதிர்கள் குறைவது தாமதமாகத்தான் நடக்கும். படத்தில் அரை அங்குலம் என்றால் ஒரு வருடம். அதனால்தான் முக்கால் அங்குலம் நகர்வு.

“இந்தச் சட்டையே அந்த முக்கால் அங்குலத்துக்காகத்தான்” என்றார். உண்மையான கோடுகள் இவ்வளவு ஒழுங்காக இருக்காது, வெளியே போகப் போகப் பள்ளத்தின் ஆழமும் குறையும், சட்டைக்காக எளிமையாக்கியிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிட்டார்.

கரும்புள்ளிகளை உண்மையிலேயே ஆட்கள் எண்ணுகிறார்களா என்று நான் கேட்டேன். தொலைநோக்கி வந்த காலத்திலிருந்து எண்ணுகிறார்கள், இன்றைக்கும் எண்ணியிருப்பார்கள் என்றார். உலகத்தில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலாளி உள்ளே வந்து, “என்ன சார், ஆர்டரா, கிளாஸா?” என்றார். நான் துணி பின்னும் எங்கள் நிட்டிங் பகுதியை வைத்தே சொன்னேன். சூரியன் பெரிய ஃபேன். காஸ்மிக் கதிர் வெளியிலிருந்து பறந்து வரும் பஞ்சு. ஃபேன் வேகமாகச் சுற்றினால் பஞ்சு கிட்டே வராது. குறைத்து வைத்தால் முகத்தில் அப்பும்.

“இதைச் சட்டையில போட்டுக்கிட்டுச் சுத்துவாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

2. மங்கலத்து ஷெட்

பிரிண்டிங் வேலை கந்தசாமிக்குப் போனது. கந்தசாமி ஒரு பெரிய பிரிண்டிங் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் மாஸ்டராக இருந்தவன். சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று வேலையை விட்டு, மங்கலத்தில் தறி ஓடி நின்றுபோன ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, நீளமான டேபிளும், அடித்த பிரிண்டைச் சூட்டில் காய வைக்கும் ஒரு க்யூரிங் மெஷினும் போட்டிருந்தான். கூட வேலைக்கு நான்கு பேரும் மனைவி சரசுவும். எங்கள் ஆர்டர்தான் அவனுக்கு முதல் ஆர்டர். வேறு யாரும் இன்னும் கொடுக்கவில்லை.

முதலாளி என் எதிரிலேயே அவனிடம் சொன்னார். “கந்தசாமி, இது சுத்தமா வந்துச்சுன்னா அடுத்து வர்ற குழந்தைத் துணி ஆர்டர் பூரா உனக்குத்தான். சொதப்பிப்போட்டா என்றகிட்ட வராதே. பழைய கம்பெனிக்கே போய் நின்னுக்கோ.”

“அங்கெல்லாம் போக மாட்டனுங்க. வந்தா ஆர்டரோட வருவனுங்க” என்றான் கந்தசாமி. முகத்தில் சிரிப்பு இருந்தது. கை மட்டும் சாம்பிளை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிரிண்டிங் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் மேலே சொல்வது புரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது சாயத்தைத் துணியில் இறக்கும் வலைச் சட்டம். எல்லா நிறமும் அதனதன் இடத்தில் பிசகாமல் உட்கார வேண்டும். அதற்கு ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். ஒரு நிறம் மயிரிழை நகர்ந்தாலும் ‘ரெஜிஸ்ட்ரேஷன் அவுட்’ என்று பீஸை ஒதுக்கிவிடுவோம். பிரிண்டிங்காரனிடம் இதைவிடப் பெரிய அவமானச் சொல் கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் கந்தசாமி அந்தச் சொல்லை அதிகம் கேட்டதில்லை.

இன்னொரு வழக்கமும் எங்கள் ஊரில் உண்டு. பிரிண்டருக்கு அளவு கொடுப்போம், நிறம் கொடுப்போம், ஒப்புதல் ஆன சாம்பிள் கொடுப்போம். படத்துக்கு என்ன பொருள் என்று யாரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

3. சரியாக அடித்த தப்பு

வேலை நடக்கும்போது பார்க்க நான் மங்கலத்துக்குப் பஸ்ஸில் போனேன். முன்பக்கத் துணிகளை வெட்டி, தைப்பதற்கு முன்பே பிரிண்ட் அடிப்பது வழக்கம். ஷெட் முழுக்க அடித்த துண்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. வேலை மிகச் சுத்தம். கரை கசியவில்லை, ஊசி முனையளவு ஓட்டைகூட இல்லை. எனக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதோ என்று கவலையாக இருந்தது.

“பாருங்ணா, நல்லாப் பாருங்க” என்றான் கந்தசாமி. “உங்க சாம்பிள் செக்‌ஷன்ல அடிச்சவன் ரெஜிஸ்ட்ரேஷன் அவுட்டு பண்ணிப்போட்டானுங்ணா. ஊதா முக்கால் இஞ்சு ஓடிக் கெடந்துது. பையர் கண்ணுல படறதுக்குள்ள நானே சரி பண்ணிப்போட்டேன்.”

நான் ஒரு துண்டை எடுத்து மேஜையில் விரித்தேன். மூன்று அலையும் ஒரே கோட்டில் ஆரம்பித்து ஒரே கோட்டில் முடிந்தன. ஊதாவின் பள்ளம் நீலத்தின் பள்ளத்துக்கு நேர் மேலே நின்றது. பார்க்க அத்தனை அழகு.

நான் அங்கேயே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏனுங்ணா, தண்ணி வேணுங்களா?”

“கந்தசாமி, அது நகர்ந்துதான் இருக்கணும்.”

“எது?”

“ஊதா.”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான். சரசு க்யூரிங் மெஷினை விட்டு வந்தாள். “என்னுங்க சொல்றீங்க? இதை நேர் பண்ணோணும்னு ஸ்கிரீனைக் கட்டிக் கட்டி அவுத்தாருங்க. சோறு திங்கக்கூட வரலை!”

ஊதா அடித்து முடித்த துண்டுகளை எண்ணினேன். நானூற்று இருபத்தாறு. மறுபடியும் எண்ணினேன். அதேதான். வெட்டியது உபரியோடு சேர்த்து ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு. கெட்டது போனால் எண்ணூற்றுப் பத்து. முந்நூற்றுத் தொண்ணூறு குறைகிறது. காய்ந்துபோன பிரிண்டை எடுக்க முடியாது. துணியும் தீர்ந்துவிட்டது. புதிதாக நூல் வாங்கி, துணி பின்னி, சாயம் போட்டால் ஷேடு மாறும். மாறாவிட்டாலும் கூட்டம் முடிந்துவிடும்.

முதலாளிக்கு போன் போட்டேன். “நானூறுதானே சார்? நல்லதோட கலந்து அனுப்பிப்போடுங்க. முக்கால் இஞ்சை எவன் பார்க்கப்போறான்?” என்றார்.

“உலகத்துல யாருமே பார்க்க மாட்டாங்க முதலாளி. இந்த ஒரு சங்கத்துக்காரங்க மட்டும்தான் பார்ப்பாங்க.”

“அப்ப கந்தசாமிகிட்டச் சொல்லிருங்க” என்று வைத்துவிட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன் சத்தம் வெளியே கேட்டிருந்ததால் கந்தசாமிக்கும் தெரிந்தது.

4. ஆற்றுத் தண்ணீர்

கந்தசாமி ஸ்கிரீனைக் கீழே வைத்தான். “ஏனுங்ணா, நகர்ந்து இருக்கறதுதான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்ளா?”

சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். அதனால் அப்போதாவது சொல்வோம் என்று மொத்தத்தையும் சொன்னேன். ஃபேனையும் பஞ்சையும் சொன்னபோது இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தாமதம் என்ற இடத்தில்தான் சிக்கியது. நான் நொய்யல் ஆற்றை இழுத்தேன்.

“மேக்கே மலையில மழை பெய்யுது. தண்ணி உடனே திருப்பூருக்கு வந்துருமா? முதல்ல சாமளாபுரம், அப்புறம் மங்கலம், அப்புறம்தான் திருப்பூர். அப்படியே கீழே போய்க் காவிரியில சேர இன்னும் எவ்வளவு நேரமாகும்? சூரியன் மலை. அதோட காத்து தண்ணி. ஊதா ஆத்தோட கடைசி. அங்கே தாமதமாத்தான் வரும்.”

கந்தசாமிக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் அதிகமானது. “அது சரிங்ணா. கடைசிக்கு லேட்டாகும். நான் இல்லைங்கலை. சாமளாபுரத்துக்கும் மங்கலத்துக்கும் என்ன தூரம்? அங்க வெள்ளம் வந்தா இங்கயும் வந்த மாதிரிதானுங்களே? கிட்ட இருக்கற ரெண்டு ஊருக்கு அலை சேர்ந்துதானுங்ணா இருக்கும்? நான் அடிச்சது அப்ப எப்பிடித் தப்பாகும்?”

சண்டைக்காகத்தான் கேட்டான். எனக்குத்தான் கை அரித்தது. ஸ்கேலை எடுத்தேன்.

“சரசு, பூமிக்கு அடுத்த கிரகம் எது?”

“என்றகிட்டக் கேட்டா? செவ்வாயிங்களா?” என்றாள்.

“செவ்வாய்தான்.”

ஜெயாவுக்கு போன் போட்டேன். சூரியக் காற்று பூமியைத் தாண்டிச் செவ்வாய்க்குப் போக எவ்வளவு நாளாகும் என்று தேடிச் சொல்லச் சொன்னேன். “சார், அங்க வீடு பத்தி எரியுது, நீங்க செவ்வாய்க்கு வழி கேக்கீய!” என்றவள், இரண்டு மூன்று நாள்தான் என்று பார்த்துச் சொன்னாள்.

அரை அங்குலத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்து மூன்றால் பெருக்கினேன். டீ-சர்ட் பின்னும் முப்பதாம் நம்பர் நூலின் தடிமனில் ஏறக்குறையப் பாதி. எந்த மெஷினாலும், எந்தப் பிரிண்டராலும், எந்தச் செக்கராலும் கண்டுபிடிக்க முடியாத நகர்வு. அதாவது ஊதா அலையைச் செவ்வாய் என்று வைத்துக்கொண்டால், கந்தசாமி அடித்திருந்த இடம் மிகச் சரி.

“அப்ப கடைசி ஊரு எங்கீங்க?” என்று கேட்டாள் சரசு. “மேல இன்னொரு அலை அடிச்சுப்போட்டா ஆகாதுங்ளா?”

கந்தசாமி எழுந்துவிட்டான். “புது ஸ்கிரீனே வேண்டாமுங்ணா. ஊதா ஸ்கிரீனைக் கழுவிப்போட்டு, ஒன்றரை இஞ்சு மேல ஏத்தி, முக்கால் இஞ்சு வலக்கையில தள்ளுனாப் போதும். கலர் வெள்ளை. கருப்புத் துணியில கலருக்கு அடியில பூசற வெள்ளை டின் டின்னாக் கெடக்குது.”

5. அரைக்கால் அங்குலம்

இனி இடம் இருக்க வேண்டும். பெரிய சைஸ்களில் கவலையில்லை. சின்ன சைஸில் ஊதாவின் உச்சியிலிருந்து கழுத்துத் தையல் வரப்போகும் இடம் வரை எவ்வளவு என்று அளந்தேன். இடைவெளி அரை அங்குலம், அலை ஒரு அங்குலம், கழுத்துக்குக் கீழே குறைந்தது அரை அங்குலம் விட வேண்டும். ஆக இரண்டு அங்குலம் தேவை. இருந்தது இரண்டேகாலில் அரைக்கால் குறைவு. அரைக்கால் அங்குலம் மிச்சம். அப்படியொரு சந்தோஷத்தை எந்த ஸ்கேலும் எனக்கு அதுவரை கொடுத்ததில்லை.

ஒரு துண்டில் வெள்ளையை அடித்துப் பார்த்தோம். கருநீலத்தில் நான்காவது அலை, மற்ற மூன்றையும் விட்டு முக்கால் அங்குலம் தள்ளி, தனியாக நின்றது. படம் எடுத்து ஜெயாவுக்கு அனுப்பினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதச் சொன்னேன். பிரிண்டர் நல்லெண்ணத்தில் திருத்திவிட்டார், நானூற்று இருபத்தாறு துண்டுகளில் ஊதா நகரவில்லை, அதைச் செவ்வாய் ஆக்கி மேலே வெளி எல்லையைச் சேர்த்தால் உங்களுக்குச் சம்மதமா?

பதில் வரும் வரை ஷெட்டில் யாரும் எதையும் தொடவில்லை. கந்தசாமி வாசலில் போய் நின்றான். ஒருமுறை உள்ளே வந்து, “சம்மதிக்கலைன்னா?” என்றான். சரசு டீ கொண்டுவந்து வைத்தாள். அவளும்தான் கேட்டாள், “இவரு மறுக்கா அந்தக் கம்பெனிக்கே போவாரு, போக மாட்டேன்னு சொன்னாலும் போகத்தானுங்க வேணும், இல்லீங்ளா?” ஏழு பேருக்கு எட்டு டம்ளர் வைத்திருக்கிறாள் என்று மட்டும் கவனித்தேன்.

போன் அடித்தது. ஜெயா மார்த்தா அம்மாளையே இணைத்துவிட்டிருந்தாள். திரையில் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பயந்துபோனேன். பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. சிரித்து முடிக்க அவருக்கு நேரமாயிற்று.

எத்தனையோ வகுப்புகளில் இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாராம். ஊதா தள்ளி நிற்கிறதே என்று தானாகக் கேட்டவர்கள் மிகக் குறைவாம். செவ்வாய் தனக்குத் தோன்றாமல் போனதே என்று வருத்தப்பட்டார். பக்கத்தில் தாமதம் தெரியாது, தூரத்தில் தெரியும் என்று ஒரே சட்டையில் காட்டிவிடலாமே என்றார். விளக்கம் எல்லாம் கழுத்தில் தொங்கும் டேக்கில்தான் வரவேண்டும், அது இன்னும் அச்சாகவில்லை. கடைசியாக ஒன்று கேட்டார். ஜெயா அதைத் தமிழில் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது.

“சார், மீதி சட்டையையும் நாலு அலையாவே அடிச்சுத் தர முடியுமான்னு கேக்காவ!”

“அப்படின்னா ஊதா?” என்றான் கந்தசாமி.

“உங்க எடத்துலதான். நேரா. நீங்க அடிச்ச மாதிரியே” என்றாள் ஜெயா.

கந்தசாமி ஊதா ஸ்கிரீனை எடுத்து டேபிளில் பழைய இடத்திலேயே கட்டினான். சரசு மெஷினைப் போட்டாள். நாலு பேரில் ஒருவன் விசிலடித்தான்.

6. பிறகு

ஆயிரத்து இருநூறும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கூட்டத்தில் எடுத்த படம் ஒன்று வந்தது. அதில் தெரிந்த சட்டைகள் தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு அலை இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டேன். முதலாளி அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடம் ஃபேனையும் பஞ்சையும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கண்ணுக்குப் பிசகாகத் தெரிவது உண்மையிலேயே பிசகாக இருக்கலாம். தூரத்திலிருந்து வருவதால் தாமதமாக வந்ததாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். திருத்துவதற்கு முன் கேளுங்கள். வேலை கொடுக்கிறவர்கள், கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். அன்றைக்கு எங்கள் தப்பு செவ்வாயில் போய்ப் பொருந்திவிட்டது. எல்லாத் தப்புக்கும் ஒரு கிரகம் கிடைக்காது.

குழந்தைத் துணி ஆர்டர் கந்தசாமிக்குக் கிடைத்தது. அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. எதையெடுத்தாலும் போன். சட்டைப்பையில் உள்ள பூவுக்கு ஐந்து இதழா, ஆறா? யானை வலப்பக்கம் பார்ப்பது வேண்டுமென்றேவா? போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது அழைத்தான்.

“அண்ணா, இந்த முயலுக்கு ஒரு காது கால் இஞ்சு கீழ இருக்குதுங்ணா. தப்புங்களா, தாமதமுங்களா?”

“முயலுக்கு என்னப்பா தாமதம்?”

“எனக்கென்னங்ணா தெரியும்? நான் தொடவே இல்லீங்க. நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

ஜெயாவை விட்டுக் கேட்டேன். அந்த பையர் உடனே பதில் போட்டார். காது தப்புதான், படம் வரைந்தவர் கவனிக்கவில்லை, திருத்திய படம் அனுப்புகிறோம், உங்கள் பிரிண்டருக்கு நன்றி.

கந்தசாமிக்குச் சொன்னேன். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஷெட்டுக்குள் கத்தியது எனக்குக் கேட்டது.

“சரசு! காது தப்புதானாமா!”